மருது இலையின் ஓரம்

பிரபு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட்டு தோளில் சரியாக உட்கார்ந்துவிட்டதாம். எனக்குக் கோபமே அதில்தான். இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு ஒருவனால் கோட்டுக்கு அளவு பார்க்க முடிகிறது என்றால், அவனை வளர்த்தவன் நான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நாக்கு கூசுகிறது. போனில் பேசலாம் என்று நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்று வைத்துவிட்டாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. உட்கார்ந்து முழுதாகப் படி. உனக்கு எழுதியதுதான் என்றாலும் இதை நான் ஒளித்து எழுதவில்லை. யார் கேட்டாலும் உரக்கப் படித்துக் காட்டுவேன்.

எந்தக் காரியம் என்று தெரியாதவன் போல் நடிக்காதே. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உன் ரிப்போர்ட்டை நீ நடுவிலிருந்து எழுதியிருக்கிறாய். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் வீட்டுக்கு வந்தாய். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அதற்குள் நாலு சின்னக் கவர்கள், எல்லாவற்றிலும் இலைகள். "அப்பா, ஒரு ஹெல்ப். கம்பெனியில என் பொறுப்புல இருக்கிற தோட்டக்காரங்களுக்கு ஒரு டிரெய்னிங் ஷீட் போடணும். இலை ஓரத்தை வெச்சு மரத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி. படம் போட்டு, தமிழ்ல பேர் எழுதிக் குடுங்க" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடம் கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தவன் நான். பேராசிரியர்கள் பாடம் நடத்த, நான் இலை பறித்து, அழுத்தி, உலர்த்தி, ஒட்டி, பெயர் எழுதினேன். நீ பள்ளிக்கூடத்துப் படிவத்தில் அப்பா வேலை என்ற இடத்தில் "கல்லூரி" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வாய். அதை நான் பார்த்திருக்கிறேன், ஒன்றும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட பிள்ளை முதல்முறையாக என் வேலையைப் பற்றி என்னிடமே கேட்டு வந்து நின்றதும் பூரித்துப் போனேன். உன் அம்மா அன்றைக்குக் கறி எடுத்து வரச் சொன்னதைக்கூட மறந்துவிட்டு ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

கவர்களைப் பிரித்தபோது ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. உருண்டை உருண்டையான, நிதானமான கையெழுத்து. வேப்பிலைக் கவரில் இப்படி எழுதியிருந்தது: "கீழ இருந்து மேல தடவுனா ஒண்ணும் தெரியாது. மேல இருந்து கீழ தடவுனா சொரசொரன்னும்." நான் எழுந்து நின்றுவிட்டேன் பிரபு. ரம்பப்பல் விளிம்புக்கும் கூர்ப்பல் விளிம்புக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று வருடம் படித்த பிள்ளைகள் வாய்மொழித் தேர்வில் திருதிருவென்று விழிப்பார்கள். பல் இலையின் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் ரம்பப்பல், நேராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூர்ப்பல். சாய்ந்த பல் ஒரு திசையில் விரலை வழுக்கவிடும், மறு திசையில் தடுக்கும். இந்தச் சீட்டை எழுதியவர் விரலை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். நெட்டிலிங்கக் கவரில், "ஓரம் முழுசுதான். ஆனா சுருக்கு வெச்ச பாவாட மாரி நெளியும்" என்று இருந்தது. அலை விளிம்பு என்று நாங்கள் சொல்வதை, வெட்டுப்பட்டது வேறு, நெளிந்தது வேறு என்று பிரித்துச் சொல்லியிருந்தார். மருதுக் கவரில், "எலி கொறிச்ச ஓரம். ரொம்ப லேசு. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும்." நீர்மருதின் சின்ன வட்டப்பல்லை இதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

நாலாவது கவரில் ஒரு ஒடுக்கமான, பளபளப்பான இலை. சீட்டில், "பேர் தெரியாது. மருதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. ஓரம் வழவழ" என்று இருந்தது. இது என்னடா என்று கேட்டேன். "அது சும்மா ஷோ பிளான்ட்டுப்பா, அதை விடுங்க" என்று அந்தச் சீட்டை மேசையில் தள்ளி வைத்தாய். யார் எழுதியது என்று கேட்டதற்கு, "எங்க கார்டனர் எஸ்தர் அக்கா. வல்லத்துல இருந்து வர்றாங்க. அவங்கதான் பறிச்சுக் குடுத்தாங்க" என்றாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒவ்வொரு இலையையும் தடவிப் பார்த்து இவ்வளவு சுத்தமாக எழுதிக் கொடுத்திருக்கிறார், அவருக்கு எதற்கு நான் பயிற்சித் தாள் எழுத வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. புகழ்ச்சிக்கு மயங்கின காக்கை வடையைக் கோட்டைவிட்ட கதைதான்.

மூன்று நாள் உட்கார்ந்து அந்தத் தாளைத் தயார் செய்தேன். இடதுபக்கம் என் கையால் வரைந்த இலைப் படம். நடுவில் பாடப்புத்தகப் பெயர்: முழு விளிம்பு, ரம்பப்பல் விளிம்பு, கூர்ப்பல் விளிம்பு, வட்டப்பல் விளிம்பு, அலை விளிம்பு, முள் விளிம்பு. வலதுபக்கம் எஸ்தர் எழுதிய சொற்கள், அவர் எழுதியபடியே. நீ வந்து பார்த்துவிட்டு வலதுபக்கத்தை அடித்துவிட்டாய். "லேபர் பாஷையெல்லாம் ஷீட்ல போட முடியாதுப்பா, ஆடிட்ல சிரிப்பாங்க" என்றாய். அன்றைக்கே உன்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லிக் கொடுத்து எனக்குத் தெரியும்: ஆங்கிலத்தில் நீங்கள் மரியாதையாக 'செர்ரேட்' என்கிறீர்களே, அது இலத்தீனில் ரம்பம். 'டென்டேட்' என்றால் பல். 'கிரிநேட்' என்பது வெட்டின தடம். 'அண்டுலேட்' என்பது அலை. எவனோ ஒரு தச்சன் வீட்டுப் பிள்ளை என்றைக்கோ இலையைத் தடவிப் பார்த்து, எங்கப்பன் ரம்பம் மாதிரி இருக்கிறதே என்று சொன்னதுதான் அறிவியல் ஆயிற்று. வல்லத்துப் பெண் எலி கொறிச்ச மாரி என்று சொன்னால் மட்டும் அது லேபர் பாஷையா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா?

தாளை நீ எடுத்துப் போய்விட்டாய். எனக்கு மனது கேட்கவில்லை. எஸ்தர் சொற்களோடு இருந்த பழைய பிரதியை லேமினேட் செய்து, அவரையே பார்த்துக் கொடுத்துவிட்டு நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று போன வாரம் ஷேர் ஆட்டோ பிடித்து உங்கள் கம்பெனி இருக்கிற வல்லம் வடகாலுக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், அங்கெல்லாம் எதுக்குப்பா வர்றீங்க என்பாய். சித்திரை வெயிலில் கம்பெனி கேட்டில் நின்று, தோட்ட வேலை செய்யும் எஸ்தரைப் பார்க்க வேண்டும் என்றேன். செக்யூரிட்டிப் பையன் தென்காசிப் பக்கத்துக்காரன் போல, "அவங்க பாஸ நிப்பாட்டிட்டாங்கல்லா சார். என்கொயரி முடியுத வரைக்கும் உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க" என்றான். எதற்கு என்கொயரி என்று கேட்டேன். "ஏதோ தப்பான மரத்த நட்டுட்டாங்களாம் சார்" என்றான். அவனே வழி சொன்னான். விசாரித்துக்கொண்டு வல்லத்தில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

எஸ்தர் வாசலில் உட்கார்ந்து ஒரு நீள நோட்டில் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர்களுக்கு அவர்தான் எழுதிக் கொடுப்பாராம். அந்த உருண்டைக் கையெழுத்தின் ரகசியம் அப்போது புரிந்தது. நான் யார் என்று சொன்னதும் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பிரபு சாரோட அப்பாவா நீங்க? உள்ள வாங்க சார். அவுரு அனுப்பிச்சாரா?"

இல்லை, நானாகத்தான் வந்தேன் என்றேன். அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்துபோனது. உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்திருக்கிறது என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்திருக்கிறார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இலை இவ்வளவு நன்றாக எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சின்ன வயசுல ஆடு மேச்சேன் சார். எந்த எலைய துன்னா ஆடு வவுறு ஊதிக்கினு வுழும்னு தெரியலன்னா வூட்ல ஒதைதான் வுழும்" என்று சிரித்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "சார், நீங்க படிச்சவரு. இதுல இங்கிலீசுல இன்னா போட்டுக்கீதுன்னு கொஞ்சம் சொல்லுங்க. அந்த காண்ட்ராக்டரு ஆளு குடுத்துட்டு, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வான்னுட்டுப் பூட்டான்."

மெமோ. தோட்டப் பணியாளர் எஸ்தர், இலை விளிம்பை வைத்து மரங்களை இனம் காணும் பயிற்சி பெற்றிருந்தும், அலட்சியமாகத் தவறான கன்றுகளைப் பெற்று நட்டதால் நிறுவனத்துக்குக் களங்கம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தது. அதோடு மூன்று இணைப்புகள். ஒன்று, பயிற்சிக்கு வந்ததாக அவர் போட்ட கையெழுத்து. இன்னொன்று உன் ரிப்போர்ட், அதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவது என் தாள். படங்கள் என் கையால் வரைந்தவை, எழுத்து நீ டைப் அடித்தது. மேல் மூலையில் போன புரட்டாசியில் ஒரு தேதி. கன்று ஏற்றி வந்த லாரிக்கு இரண்டு வாரம் முந்தைய தேதி. பங்குனியில் நான் பென்சில் சீவி வரைந்த வேப்பிலை, புரட்டாசியிலேயே எஸ்தருக்குப் பாடம் நடத்தியிருக்கிறது! அந்த வேப்பிலையைப் பறித்துக் கொடுத்தவரே அவர். தன்னை மாட்டிவைக்கப் போகும் தாளுக்குத் தானே இலை பறித்து, சீட்டெழுதி, கவரில் போட்டு உன் கையில் கொடுத்திருக்கிறார். தேதியை மறுபடி மறுபடி படித்தேன். வெயிலில் வந்த களைப்பு என்று அவர் நினைத்து விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

இந்தக் கையெழுத்து எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். "அது தெனம் போடறது சார். காலையில சேஃப்டி பேசுவாங்க, முடிஞ்சதும் பேப்பரு நீட்டுவாங்க, எல்லாரும் போடுவோம். மேல இன்னா எழுதிக்கீதுன்னு யாரு பாக்கறா?" என்றார். லாரி வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் உன் ரிப்போர்ட்டில் இது இல்லை.

"நான் அன்னிக்கே சொன்னேன் சார். எறக்கும்போதே ஒரு எலையக் கிள்ளி பிரபு சார் கையில குடுத்தேன். சார், இது மருது இல்ல, மருது எலை ஓரம் கொறிச்ச மாரி இருக்கும், இது பாரு வழவழன்னு கீது, லாரிய திருப்பி அனுப்பிடலாம்னேன். அவுரு தடவிக்கூட பாக்கல. 'அக்கா, நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அஞ்சு மணிக்குள்ள நட்டு போட்டோ அனுப்பணும். எலையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், குழி எடுங்க'ன்னாரு. எடுத்தேன். வேற இன்னா பண்றது சொல்லுங்க?"

அந்தக் கன்றுகள் கோனோகார்பஸ் என்று இப்போது உனக்குத் தெரியும். நட வேண்டாம் என்று அரசே சொல்லிவிட்ட மரம். ஆடிட்டுக்கு வந்த அதிகாரியம்மா உங்கள் காம்பவுண்டு சுவரோரம் நடந்துபோய் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இது என்ன மருது என்று கேட்டாராமே. அதன்பிறகுதான் உனக்கு இலை ஓரம் ஞாபகம் வந்திருக்கிறது. மருது என்று பில் போட்டுக் கோனோகார்பஸ் அனுப்பிய நர்சரிக்காரன் நன்றாக இருக்கிறான். பில்லைப் பார்த்து மரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட நீயும் நன்றாக இருக்கிறாய், மாப்பிள்ளைக் கோட்டு வேறு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். உங்கள் கம்பெனியில் அந்த ஆண்டிக்குக் கையில் மண்வெட்டியும் கழுத்தில் காண்ட்ராக்ட் பாஸும் இருக்கிறது.

நீயே ஒருமுறை சாப்பிடும்போது பெருமையாக எனக்கு விளக்கினாய். கம்பெனியில் ஒரு தப்பு நடந்தால் யாரையும் திட்டக் கூடாதாம். வொய்-வொய் என்று ஒரு தாள் இருக்கிறதாம். ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக்கொண்டே போனால் மூலகாரணம் தன்னால் வெளியே வந்துவிடுமாம். எவ்வளவு நல்ல வழக்கம் என்று அன்றைக்கு வியந்தேன். எஸ்தர் காட்டிய உன் ரிப்போர்ட்டில் நீ போட்ட அந்தத் தாளும் இருந்தது. தவறான மரம் ஏன் நடப்பட்டது? இனம் காணவில்லை. ஏன் இனம் காணவில்லை? பணியாளர் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? பயிற்சி தந்தும் அலட்சியம். மூன்றாவது ஏனிலேயே நின்றுவிட்டாய். நான்காவதாக, கவனித்துச் சொன்னவர் பேச்சை ஏன் கேட்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். ஐந்தாவதாக, இலையைப் பார்ப்பதைவிட போட்டோ அனுப்புவது ஏன் அவசரமாக இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டு கட்டத்திலும் உன் பெயர் வந்திருக்கும். அதனால் கேள்வியையே நிறுத்திவிட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உனக்கு என் தாளா கிடைத்தது?

அவன் பயந்துவிட்டான், சின்னப் பையன், கல்யாண நேரத்தில் வேலைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று இப்படிச் செய்துவிட்டான் என்று உன் அம்மா அழுகிறாள். இருபத்தொன்பது வயது உனக்கு. பயம் என்னவென்று எனக்கும் தெரியும். அதைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை உன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முந்தைய வருடம். செய்முறைத் தேர்வில் பத்து மாதிரிகளை எண் போட்டு மேசையில் வரிசையாக வைப்போம். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பார்த்து இலை விளிம்பை விவரிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த தேர்வாளரிடம் விடைப் பட்டியல் இருக்கும். எங்கள் கல்லூரியில் நாலாம் எண் எப்போதும் செம்பருத்தி, பற்களுள்ள விளிம்பு. சீனியர் ஜூனியருக்குச் சொல்லி, பாதிப் பேர் பார்க்காமலே எழுதுவார்கள். அந்த வருடம் தேர்வுக்கு முதல் நாள் வெள்ளையடிக்க வந்தவர்கள் செம்பருத்திச் செடியை அடியோடு வெட்டிவிட்டார்கள். காலையில் எனக்கு நேரமில்லை. வெளியே போய்த் தேடச் சோம்பல் என்றே சொல்கிறேன். வாசலில் நின்ற பூவரசிலிருந்து ஓர் இலையைப் பறித்து நாலாம் எண்ணில் வைத்துவிட்டேன். பூவரசுக்குப் பல் கிடையாது, முழு விளிம்பு. வகுப்பில் எல்லோரும் பற்களுள்ள விளிம்பு என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் இலையைக் கையில் எடுத்து, சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்த்து, முழு விளிம்பு என்று எழுதினாள். தேர்வாளர் பட்டியலைப் பார்த்து அவளுக்கு மட்டும் தவறு போட்டார்.

நான் அவர் பக்கத்திலேயே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா, இலை மாறிவிட்டது, தப்பு என்னுடையது என்று சொல்ல ஐந்து வார்த்தை போதும். வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. உன் அம்மா உன்னைச் சுமந்துகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் அந்தப் பெண் ஆய்வக வாசலில் காத்துக்கொண்டிருந்து, "அண்ணா, நாலாம் நம்பர் என்ன இலை?" என்று கேட்டாள். செம்பருத்திம்மா என்றேன். "இல்லண்ணா, பூவரசு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு விடையால் அவள் வாழ்க்கை கெட்டுவிட்டது என்று நான் கதை கட்ட மாட்டேன், கெட்டிருக்காது. ஆனால் எதிரில் இருப்பதை உள்ளபடி பார்த்து எழுதினால் தப்பு, ஊரோடு சேர்ந்து எழுதினால் சரி என்று அவளுக்கு அன்றைக்கு ஒருவன் சொல்லிக் கொடுத்தான் என்றால், அது நான்தான். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் எத்தனையோ இலை ஒட்டினேன். பூவரசைத் தொடும்போதெல்லாம் அவமானமாக இருக்கும்.

பயத்துக்கு நீ சொல்லும் காரணம் எதுவும் எனக்குப் புதிதில்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். நீ காகிதம் தயாரித்திருக்கிறாய். உட்கார்ந்து, யோசித்து, தேதி தேர்ந்தெடுத்து, அப்பனைப் படம் வரையச் சொல்லி, எஸ்தரை இலை பறிக்கச் சொல்லிச் செய்திருக்கிறாய். நான் செய்தது கோழைத்தனம். நீ செய்ததற்கு வேறு பெயர் இருக்கிறது. அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. நீயே சொல்லிக்கொள்.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். அப்பன் மகனுக்குக் குடும்பம் நடத்தப் புத்தி சொல்லும் நேரம் இது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வரப்போகிற பெண் உன்னிடம் எத்தனையோ முறை, இது அது இல்லை, சரியாகப் பாருங்கள் என்று சொல்லுவாள். வீடு பார்க்கும்போது சொல்லுவாள், உன் கோபத்தைப் பற்றிச் சொல்லுவாள், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது சொல்லுவாள். அவள் பேச்சில் பாடப்புத்தகச் சொல் இருக்காது. அதற்காக, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், குழியை எடு என்று அவளிடம் சொல்லாதே. ஒருமுறை கையில் வாங்கித் தடவிப் பார். தப்பாகிவிட்டால், நீ அப்போதே சொன்னாய், நான்தான் கேட்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். இதைச் சொல்லத் தெரியாதவனோடு எந்தப் பெண்ணாலும் நிம்மதியாக இருக்க முடியாது. உன் அம்மாவிடம் இதைச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கே ரொம்ப வருடம் ஆயிற்று.

இதுவரை நேற்றுக் காலை எழுதினேன். எழுதி முடித்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மறுபடி வல்லம் போனேன். அந்தத் தாள் பங்குனியில் நான் வரைந்தது, அதற்கு நானே சாட்சி, வெள்ளிக்கிழமை விசாரணையில் இதைக் கொடுங்கள் என்று எஸ்தரிடம் நீட்டினேன். படித்தார். பாட்டு நோட்டு எழுதுகிறவராயிற்றே, ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வேணாம் சார்."

ஏன் என்றேன்.

"கல்யாண வூடு சார் அது. பெத்த அப்பனே எழுதிக் குடுத்தாருன்னு நான் இத நீட்டுனா, அந்தப் புள்ள நாளைக்கு எப்டி சார் மாலைய போட்டுக்கினு நிக்கும்? அவுரு கெட்டவரு இல்ல. மழையில நனைஞ்சுக்கினு நான் வேலை செய்யறத பாத்துட்டு, அவுரு ரெயின்கோட்ட கழட்டிக் குடுத்தவரு. பயந்துக்கினாரு, அவ்ளோதான். வெள்ளிக்கிழமை அவுரே சொல்லுவாரு, பாருங்க."

சொல்லாவிட்டால் என்று கேட்டேன். அவர் வாசலில் காயப்போட்டிருந்த வேலைச் சட்டையை எடுத்து மடித்தார். உங்கள் கம்பெனி கொடுத்த பச்சைச் சட்டை. துவைத்து, காலர் வரை இஸ்திரி போட்டது போல் நீவி, வெள்ளிக்கிழமைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார். மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வரப்போகிறார், பிரபு. நீ பேசுவாய் என்று நினைத்துக்கொண்டு வரப்போகிறார். நீ பேசாவிட்டால் அந்த அறையில் அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. தன்னைக் காப்பாற்றும் காகிதத்தையும் உன் கல்யாணத்துக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் வேண்டாம் என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை. எனக்கு அது கிடையாது. நான் அவருக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கெல்லாம் உங்கள் கம்பெனி கேட்டில் நிற்பேன். இந்தக் கடிதத்தின் ஜெராக்ஸும் அவர் எழுதிய துண்டுச்சீட்டுகள் நாலும் என் சட்டைப் பையில் இருக்கும். நீ தள்ளி வைத்தாயே, பேர் தெரியாத இலையின் சீட்டு, அதுவும் என்னிடம் இருக்கிறது. நீ எழுந்து நின்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால், வெளியே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. வேலை போனாலும் பரவாயில்லை, தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவோம். சொல்லாவிட்டால் நீ வெளியே வர வேண்டாம். நான் உள்ளே வருகிறேன்.

அப்பா